அமாவாசையும் ஆடிட்டரும்

போன ஞாயிறு காட்டுப்பாக்கம் வீட்டில் 'விசாரணை'யை மூணாவது தடவை பார்த்தேன். முதல் ரெண்டு தடவை போலீஸ் அடிதான் மனசுல நின்னது. இந்தத் தடவை நின்றது இரண்டாம் பாதியில் வரும் ஆடிட்டர். (படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.)

நம்ம அரசியல் நையாண்டிப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு: எம்.எல்.ஏ. அயோக்கியன், போலீஸ் யோக்கியன். மணிவண்ணனின் 'அமைதிப்படை'யையே (1994) எடுத்துக்கோங்க. அமாவாசை, நாகராஜசோழனாக மாறுவது இன்னிக்கும் சிரிக்க வைக்கும். ஆனால் அவரை எதிர்த்து நிற்பது போலீஸ் அதிகாரியான மகன். இரண்டு வேடமும் சத்யராஜ். நையாண்டி வேட்டியோடு நின்றுவிடுகிறது, காக்கியைத் தொடவில்லை.

வெற்றிமாறன் அதைத் தொட்டார். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் தான் பட்ட சித்திரவதையை எழுதிய நாவல் 'லாக்கப்'. படத்தின் முதல் பாதி அதுதான். இரண்டாம் பாதியில் கதை சென்னைக்கு வருகிறது. கட்சிப் பணத்தின் கணக்கு தெரிந்த ஆடிட்டர் காவலில் சாகிறார். ஸ்டேஷனைச் சுத்தம் செய்யவந்த கூலிப் பையன்கள் கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுகிறார்கள். இங்கே அரசியலும் போலீசும் எதிரிகள் இல்லை, பங்காளிகள்.

ஆஸ்திரேலியாவின் 'ப்ளூ மர்டர்' (1995) இன்னொரு படி மேலே போனது. சிட்னி துப்பறிவாளர் ரோஜர் ரோஜர்சனுக்கும் ரவுடி நெடி ஸ்மித்துக்கும் இருந்த கூட்டை நிஜப் பெயர்களோடே காட்டிய குறுந்தொடர் அது. வழக்குகள் நிலுவையில் இருந்ததால், கதை நடந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலேயே 2001 வரை ஒளிபரப்ப முடியவில்லை. 'விசாரணை'யில் கட்சிக்குப் பெயரே கிடையாது. பார்க்கிறவன் தனக்குப் பிடிக்காத கட்சியை நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடலாம்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. சமுத்திரக்கனியின் முத்துவேல் மனசாட்சியோடு தவிக்கிறார், சாகிறார். அற்புதமான நடிப்பு, தேசிய விருதும் வந்தது. ஆனால் கடைசியில் நான் அழுதது அவருக்காக. கதையின் சொந்தக்காரர்களான அந்தப் பையன்கள் பின்னால் போய்விட்டார்கள். நல்ல போலீஸ் ஒருத்தர் இல்லாமல் நம்மால் படம் பார்க்கவே முடியாதோ?

பக்கத்து ஸ்டாண்ட் ஆட்டோ அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "நீங்க யாருக்கு வேணா அழுவுங்க சார். நான் அந்தப் படம் பார்த்ததுல இருந்து ஸ்டேஷன்ல எதுலயும் படிக்காம கையெழுத்துப் போடறதில்ல," என்றார்.

என் விமர்சனத்தைவிட அது பெரிய பாராட்டு.