வட்டத்தின் நடுவே நிற்கும் குழந்தை

பேர்டோல்ற் பிரெக்ற் அமெரிக்காவில் அகதியாக வாழ்ந்த காலத்தில், 1944 இல், எழுதிய ‘கோக்கேசிய வெண்கட்டி வட்டம்’, ஹென்றி ஜயசேனவின் சிங்கள ஆக்கமாக 1967 இல் இலங்கை மேடைக்கு வந்தது. பெற்றவள் சொத்தை நாடிக் குழந்தையைக் கோருகிறாள்; வளர்த்த பணிப்பெண் குருஷாவோ, இழுத்தால் அதற்கு நோகுமே என அஞ்சிப் பிடியை விடுகிறாள். நீதிபதி அஸ்டாக் குழந்தையைக் குருஷாவுக்கே அளிக்கிறான். இரத்த உறவினும் வளர்த்த உழைப்பே உரிமை தருவது என்னும் இக்கருத்தின் முற்போக்குப் பண்பை நாம் மறுப்பதற்கில்லை.

எனினும், மணமுறிவு வழக்குகளுக்கு இந்நாடகத்தை உரைகல்லாகக் கொள்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அஸ்டாக்கின் முன் நின்றோரில் ஒருத்தி நல்லவள், மற்றவள் தன்னலக்காரி. பிரிந்து செல்லும் தாயும் தந்தையுமோ இருவருமே பிள்ளையை நேசிப்பவராக இருக்கலாம். அங்கே விட்டுக்கொடுப்பவர் பிள்ளையை இழந்துவிடவும் கூடும். மேலும், நாடகத்து வழக்கில் குழந்தையின் விருப்பத்தை எவரும் வினவுவதில்லை.

எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் தந்தைக்கே முன்னுரிமை அளித்து வந்தது. பிள்ளையின் நலனே தலையாயது என்னும் கொள்கை நீதிமன்றங்களில் படிப்படியாகவே வேரூன்றிற்று. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிரிந்த பெற்றோர் இருவருடனும் தொடர்பு பேணவும், தன்னைப் பற்றிய தீர்மானங்களில் தன் கருத்தைச் சொல்லவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது.

ஆயினும் ‘நலன்’ என்பது யாது? “இவன் செல்வனாக வாழ வேண்டாமா?” என்ற பொருளில் அஸ்டாக் வினவுகையில் குருஷா பேசாது நிற்கிறாள். அவ்வினா இன்றும் ஓயவில்லை. வீட்டையும் சம்பளத்தையும் நிறுத்துப் பார்ப்பதே நலனாயின், கூலிக்கு உழைக்கும் தாய் வழக்குத் தொடங்குமுன்னரே தோற்றவளாவாள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், வசதியுள்ள பெற்றார் பிள்ளையைத் தாபரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆகவே வறுமை கட்டுக்காப்பை மறுக்கும் காரணமாகலாகாது. பணமே பிள்ளை இருக்கும் இடத்தை நாடிச் செல்லுதல் வேண்டும்.

பள்ளி நாட்களில் எந்த வீடு, விடுமுறையில் யாருடன், கொப்பிக்கும் மருந்துக்கும் யார் பொறுப்பு என்பவற்றுக்கு வெண்கட்டி வட்டம் விடை தராது. அவ்விடை கிடையாத பிள்ளை நாளை காலை எமது வகுப்பறையில் வந்தமரும். அதன் மௌனத்தை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரே.