சிரிப்பு யார் பக்கம்?

1938-இல் ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்தில் மயங்கி விழுந்ததையும், ரமணரே அவரிடம் வந்து உட்கார்ந்ததையும், 1944-இல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவல் வெளிவந்ததையும் இங்கே பலர் சொல்வார்கள். அதே மாம் முதல் உலகப் போரில் பிரிட்டனின் ஒற்றர். ஸ்விட்சர்லாந்தில் உளவு பார்த்தார். 1917-இல் போல்ஷ்விக்குகளைத் தடுக்கப் பெட்ரோகிராடுக்குப் போய்த் தோற்றுத் திரும்பினார். அந்த அனுபவம்தான் 1928-இல் வந்த ‘ஆஷென்டன்’ கதைகள். மிக் ஹெரனின் ‘ஸ்லோ ஹார்ஸஸ்’ நாவல்களை இன்று சிரித்துக்கொண்டே படிப்பவர்கள் அவற்றின் வேரை அங்கே காணலாம்.

இந்த வரிசையின் முதல் நாவல் 2010-இல் வந்தது. தவறு செய்து மாட்டிக்கொண்ட, பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ5-இன் ஆட்களை ஸ்லவ் ஹவுஸ் என்ற அழுக்குக் கட்டடத்தில் உட்காரவைத்து, ஒன்றுக்கும் உதவாத காகித வேலை கொடுக்கிறார்கள், தாங்களே வெறுத்துப்போய் ராஜினாமா செய்யட்டும் என்று. நம் அலுவலகங்களில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்பார்களே, அதுதான். இங்கே கேலி மேலே பாய்கிறது: குளறுபடி செய்துவிட்டுக் கோப்பை மூடும் தலைமையகத்தின் மேல். அரசின் ரகசியம் என்றாலே வாய்பொத்தி நிற்கும் பழக்கத்தை இந்தச் சிரிப்பு உடைக்கிறது. இந்த வகை நாவலை நான் மதிப்பது இதற்காகத்தான்.

ஆனால் ஆஷென்டன் கதைகளில் ஒன்றான ‘ஜூலியா லாசாரி’யைத் தமிழ் வாசகர் நிம்மதியாகப் படித்துவிட முடியாது. அதில் வேட்டையாடப்படுபவர் சந்திர லால் என்ற இந்தியப் புரட்சிக்காரர். காதலியை மிரட்டிக் கடிதம் எழுதவைத்து அவரை வரவழைக்கிறார்கள்; பிடிபட்டதும் விஷம் குடித்து இறக்கிறார். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவின் சாயல் அது. பெர்லினில் செண்பகராமன் பிள்ளையோடு சேர்ந்து இயங்கிய அவரைப் பிரிட்டிஷார் பிடிக்க முயன்றும் முடியவில்லை. 1937-இல் சோவியத் ஒன்றியத்தில் ஸ்டாலினின் களையெடுப்பில் கொல்லப்பட்டார். கதைகளின் நாயகனான ஒற்றர் ஆஷென்டனுக்குச் சந்திர லால்மேல் மரியாதை இருக்கிறது, மாமின் நேர்மை அது. ஆனாலும் கதைக்குள் உயிரோடு வந்து பேச அவருக்கு ஒரு காட்சிகூட இல்லை. கோப்பிலும் கடிதத்திலுமே வாழ்கிறார்.

ஹெரன் இந்த இடத்தில் ஒரு படி முன்னே போகிறார். முதல் நாவலில் கடத்தப்படும் பாகிஸ்தானிய வம்சாவளி மாணவன் ஹசன் அகமதின் மனத்துக்குள்ளேயே நம்மை அமரவைக்கிறார்; அவனுடைய பயத்தையும், மேடை நகைச்சுவைக்காரனாகும் அவன் ஆசையையும் நாம் அறிவோம். ஆனால் ஹெரனிடம் ஒரு குறையும் உண்டு. எல்லாரையும் அவமதிக்கும் ஸ்லவ் ஹவுஸ் தலைவர் ஜாக்சன் லாம்பின் நாக்கு நமக்கு இனிக்க இனிக்க, கீழே வேலை செய்பவர்களுக்கு அது தரும் வலி மறந்துபோகிறது. தன் ஆட்களை அவர் கைவிடுவதில்லை என்ற ஒன்றுக்காக அந்தக் கொடுமையை மன்னித்துவிடுகிறோம். அவ்வளவு எளிதாக மன்னிக்கக்கூடாது.

1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் பாரதியைப் பிரிட்டிஷ் ஒற்றர்கள் நிழல்போலத் தொடர்ந்தார்கள். அந்தத் தெருக்களை, கண்காணிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று, இதே கூர்மையான நகைச்சுவையோடு சொல்லும் ஒரு தமிழ் நாவலை நான் படிக்க ஆசைப்படுகிறேன்.