கோயிற்பற்று வரைபடமும் காணிப்பெயரும்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாண இடப்பெயராய்வு பெரிதும் ஊர்ப்பெயராய்வாகவே வளர்ந்துள்ளது. 1916 இல் ஹோர்ஸ்பரோ குடாநாட்டு ஊர்ப்பெயர்களுக்குச் சிங்கள மூலங் காட்ட முற்பட்ட காலந்தொட்டு, வலிகாமம், உடுவில், மானிப்பாய் முதலிய பெயர்களின் ஈறுகள் எம்மொழிக்குரியன என்னும் வினாவே ஆய்வாளர் கவனத்தைக் கவர்ந்தது. அவ்விவாதத்தால் விளைந்த பயன் சிறிதன்று. எனினும், ஒரு கிராமத்தின் பழைய நிலவமைப்பை வரைய விரும்புவோர்க்கு அது ஒரு துண்டு நிலத்தையேனும் அடையாளங் காட்டுவதில்லை.

போர்த்துக்கேயர் வகுத்த கோயிற்பற்றுப் பிரிவு, 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும் தொடர்ந்தது. பால்தேயு 1672 இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி முதலிய கோயிற்பற்றுக்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஆயின் அவர் நோக்கம் தேவாலயமும் பள்ளியுமே. கோயிற்பற்றினுள் அடங்கிய காணிகளின் பெயரை அறியத் தோம்பையும் உறுதியையுமே நாடவேண்டும்.

உறுதியொன்று காணியின் பெயரையும் பரப்பளவையும் நான்கெல்லையையும் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் ஒருங்கே தருகின்றது. கலட்டி என முடியும் பெயர் மேல்மண் குறைந்த கற்றரையையும், தரவை என்பது வெளியான மேய்ச்சல் நிலத்தையும், துரவு என்பது நீர்நிலையையும் உணர்த்தும். இவற்றை முறைப்படி வரைபடத்திற் குறிப்பின், பயிர்நிலம் எங்கெங்கு பரவியது, நீர் எங்கிருந்து பெறப்பட்டது என்பன புலனாகும்.

ஆயினும் உறுதி மட்டும் போதாது. எல்லை கூறுமிடத்து அது அயற்காணி உடையவரின் பெயரைச் சொல்லும். அவர் காணி எங்குள்ளதென்று சொல்லாது. உறுதியில் ஒரு பெயரும் ஊரார் வாயில் வேறொரு பெயரும் வழங்குதலுமுண்டு. ஆலமரம் பட்டு நெடுங்காலமான பின்னும் அவ்விடம் ஆலடியாகவே இருக்கும். ஆதலின் உறுதியைக் கையிற்கொண்டு, ஊர் முதியோருடன் நிலத்தில் நடந்தே பெயரை இடத்தோடு பொருத்தல் வேண்டும். பேச்சுவடிவம், எழுத்துவடிவம், கூறியவரின் வயது, பதிந்த நாள் ஆகியன தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். நம் ஆய்வாளர் சிலர் பேச்சுவடிவத்தை முதலிலேயே திருத்திச் செந்தமிழாக்கிய பின் அதற்குப் பொருள் கூறுவர். இது சான்றை அழித்துவிட்டு முடிவு காண்பதாகும். சாதிப்பெயர் தாங்கிய காணிப்பெயர்களை நாணி விலக்குதலும் அத்தகையதே. அவற்றை விலக்கினால், யார் எங்கு வாழ வைக்கப்பட்டனர் என்ற வரலாறும் உடன் மறையும்.

இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 2009 இன் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, மீண்டவருட் பலர் வேலியையும் ஒழுங்கையையும் கிணற்றையும் தேடவேண்டியவராயினர். இடம்பெயர்வின் பின் பிறந்தோர் தம் காணியின் பெயரை உறுதியில் மட்டுமே கண்டவர்கள். ஈறுகளின் மூலத்தைப் பின்வருவோரும் ஆராயலாம். அப்பெயருக்குரிய நிலத்தைச் சுட்டிக்காட்ட வல்ல முதியோர் இன்று மிகச் சிலரே. அவர்தம் சொல்லைப் பதிவதே நம் முதற்கடன்.