‘ஓப்பன் சோர்ஸ் டிரைவர்’: ஒரு சொல், நாலு அடுக்கு

லினக்ஸில் போட்டோ எடிட் செய்ய எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். “ஓப்பன் சோர்ஸ் டிரைவர் இருக்கற கார்டா பாத்து வாங்குங்க. ஏஎம்டின்னா தலைவலியே இல்லை.” நானும் நாலு பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். இந்த அறிவுரை பாதிதான் சரி என்பது என் இப்போதைய கருத்து. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை. கோயில் மண்டபங்களில் கல்வெட்டுகளைப் படம் எடுப்பது என் விடுமுறை நாள் வேலை. உள்ளே வெளிச்சம் இருக்காது. ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றினால்தான் எழுத்து தெரியும், கூடவே நாய்ஸும் வரும். ரா ஃபைலாக எடுத்து வந்து டார்க்டேபிளில் சுத்தம் செய்வேன். இருநூறு முந்நூறு படம் என்றால் எக்ஸ்போர்ட் ராத்திரி முழுக்க ஓடும். சரி, ஒரு கார்டு போடலாம் என்று ‘ஓப்பன் சோர்ஸ் டிரைவர் உண்டு’ என்ற ஒரே தகுதியைப் பார்த்து செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். மாட்டியதும் திரை வந்தது, ரெண்டு மானிட்டரும் வேலை செய்தது, வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. டார்க்டேபிள் மட்டும் ஓப்பன்சிஎல் இல்லை என்று கையை விரித்துவிட்டது. எக்ஸ்போர்ட் நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. தப்பு கார்டு மேல் இல்லை, நான் கேட்ட கேள்வியில்தான்.

டிரைவர் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. கெர்னலில் இருக்கும் பகுதி ஒன்று. அதற்கு மேல் ஓப்பன்ஜிஎல், வல்கன் மூலம் திரையில் வரையும் பகுதி இரண்டாவது. கார்டைக் கணக்குப் போட வைக்கும் ஓப்பன்சிஎல் மூன்றாவது. கார்டுக்குள்ளேயே ஏறி ஓடும் ஃபர்ம்வேர் நான்காவது. ஃபர்ம்வேர் மூன்று கம்பெனிகளிடமும் மூடியதுதான், அதில் யாரும் யோக்கியர் இல்லை. கேம் ஆடுகிறவருக்கு முதல் இரண்டு அடுக்கு போதும். டார்க்டேபிள் வேகம் எடுப்பது மூன்றாவதில். பொதுவான அறிவுரை முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதற்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

ஏஎம்டி 2007-ல் தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்தது. இன்று கெர்னல் பகுதியும் மெசாவும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மெசாவில் பல வருஷம் இருந்த ஓப்பன்சிஎல் பகுதியான க்ளோவரில், படங்களைக் கையாளும் வசதி ஒழுங்காக வரவே இல்லை. டார்க்டேபிளுக்கு அது இல்லாமல் ஆகாது. ஏஎம்டியின் சொந்த ராக்எம் திறந்த மூலம்தான், ஆனால் அதன் ஆதரவுப் பட்டியல் குறுகலானது. 2017-ல் வந்த ஆர்எக்ஸ் 580 போன்ற பொலாரிஸ் கார்டுகளை அது சில வருஷத்திலேயே கைவிட்டது.

என்விடியா நேர் எதிர். மூடிய டிரைவரைப் போட்டால் டார்க்டேபிள் உடனே ஓடும். இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் அது விமர்சனம் இல்லை, பஜனை. ஆனால் 2014-ல் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேரைத்தான் கார்டு ஏற்றுக்கொள்ளும் என்று ஆனது. நூவோ டிரைவரால் அந்தக் கார்டுகளின் வேகத்தைக் கூட்டவே முடியாமல் போனது. 2022 மே மாதம் என்விடியா திறந்துவிட்டது கெர்னல் பகுதியை மட்டும், அதுவும் டியூரிங் தலைமுறையும் அதற்குப் பிறகும் வந்தவற்றுக்கு. ஓப்பன்சிஎல் இன்னும் பூட்டுக்குள்தான். ‘என்விடியாவும் ஓப்பன் ஆயிடுச்சு’ என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

இன்டெல்லை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் பார்வையில் அதுதான் பெரிய குறை. இன்டெல்லின் ஓப்பன்சிஎல் பகுதியும் அதன் கம்பைலரும் திறந்த மூலம். ஆர்க் பி580-ல் 12 ஜிபி மெமரி இருக்கிறது. ஒரே எச்சரிக்கை, மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி இருக்க வேண்டும். பழைய போர்டில் போட்டால் வேகம் கணிசமாக அடிபடும்.

மெமரியை ஏன் பார்க்கணும்? டார்க்டேபிள் ஒவ்வொரு பிக்சலுக்கும் நாலு எண் வைக்கிறது, எண் ஒன்றுக்கு 4 பைட். 24 மெகாபிக்சல் படம் என்றால் 24 × 16 = 384 எம்பி. உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று, சேர்த்து 768 எம்பி. நாய்ஸ் நீக்கும் பகுதிக்கு இடையில் இன்னும் சில பிரதிகள் வேண்டும். இடம் பத்தாவிட்டால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்யும், வேகம் போய்விடும். அதனால் வேகமான 4 ஜிபி கார்டைவிட நிதானமான 8 ஜிபி கார்டு மேல் என்பேன். நீங்கள் ரா தெரபி ஆள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். அது முழுக்க சிபியுவில் ஓடுவது, அந்தப் பணத்தில் நல்ல ப்ராசசர் வாங்குங்கள்.

அப்படியானால் திறந்த மூலம் என்பது வெறும் கொள்கைப் பிடிவாதமா? இல்லை. பொலாரிஸ் கதைக்கே திரும்பி வருகிறேன். ராக்எம் கைவிட்ட பிறகு, 2022 இறுதியில் மெசாவில் ரஸ்டிக்கிள் என்ற புதிய ஓப்பன்சிஎல் பகுதி வந்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. க்ளோவரை 2025-ல் தூக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் ரஸ்டிக்கிளை நாமே ஒரு சூழல் மாறி வைத்து இயக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கம்பெனி கைவிட்ட கார்டில் மறுபடி டார்க்டேபிள் ஓட வழி பிறந்தது. கீழ் அடுக்குகள் திறந்திருந்ததால்தான் இது முடிந்தது. என்விடியாவின் கெப்ளர் கார்டுகளுக்கு 470 வரிசையோடு டிரைவர் நின்றது. அங்கே மூடிய ஓப்பன்சிஎல்லை எடுத்து நடத்த வெளியாளுக்கு வழியே இல்லை.

ஆக, மூடிய டிரைவர் இன்றைக்கு ஓடும். கம்பெனி போன பிறகும் ஓட வைக்க வேறொருவரால் முடியும் என்பதுதான் திறந்த டிரைவர் தரும் உறுதி. அது இன்றைக்கே ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. ரெண்டும் வேறு வேறு. நான் குழப்பிக்கொண்டது இங்கேதான்.

இனி யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலில் உங்கள் மென்பொருள் கார்டைப் பயன்படுத்துமா என்று பாருங்கள். பிறகு அந்தக் கார்டுக்கு எந்த ஓப்பன்சிஎல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியாக மெமரி. செகண்ட் ஹேண்ட் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ஓப்பன்சிஎல்லும் டார்க்டேபிளும் போட்டு, அதோடு வரும் சிஎல்டெஸ்ட் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என் பழைய கார்டு இப்போது தம்பி மகனிடம். கேம் ஆடுகிறான். “சூப்பர் கார்டு பெரியப்பா” என்கிறான். அவனுக்கு அது உண்மைதான்.