பொறுக்கி எடுத்த பன்னிரண்டு

நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. படிப்பில் ஒரு டிசைன் மாணவர் செய்து குவிப்பவை ஏராளம்: லோகோ, போஸ்டர், புத்தக அட்டை, மிட்டாய்ப் பெட்டி, செயலியின் முகப்பு. கடைசி ஆண்டில் அவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டை மட்டும் பொறுக்கி, வரிசைப்படுத்தி, போர்ட்ஃபோலியோ ஆக்க வேண்டும். அந்தப் பொறுக்கலைத்தான் நான் முதலில் ரசிப்பேன். நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த வேலையைக்கூட, இன்று கண்ணுக்குத் தேறவில்லை என்று ஒதுக்கத் தெரிந்தவரிடம் ரசனை முதிர்ந்துவிட்டது.

முடிந்த லோகோவை மட்டும் பளபளவென்று நிறுத்தும் பக்கங்களைச் சீக்கிரம் புரட்டிவிடுவேன். பென்சில் கிறுக்கல்களும், கைவிட்ட வடிவங்களும், கைவிட்டதற்கான காரணமும் இருந்தால் அங்கே நின்றுவிடுவேன். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு வடிவமைப்பாளர் பால் ராண்ட் ஒரே ஒரு லோகோதான் கொடுத்தார். கூலி ஒரு லட்சம் டாலர். கூடவே ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார். பெயரை எந்த எழுத்துருவில் அமைப்பது, ஆங்கில ‘e’ எழுத்தைப் பெரியதாக வைப்பதா சின்னதாக வைப்பதா என்று பக்கத்துக்குப் பக்கம் யோசித்துக்கொண்டே போய், 28 டிகிரி சாய்ந்த கறுப்புக் கனசதுரத்தில் வந்து முடியும். வாசிப்பவருக்கு அந்த முடிவைத் தானே எட்டியது போலிருக்கும். மாணவர்கள் பாடம் கற்க இதைவிட நல்ல போர்ட்ஃபோலியோப் பக்கங்களை நான் அறியேன்.

தமிழ்நாட்டு மாணவரின் வேலை என்றால் என் கண் நேரே தமிழ் எழுத்துக்குப் போகும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால், மேல் வரியிலுள்ள ‘பு’, ‘சு’வின் கீற்று இறங்கி, அடுத்த வரியின் ‘தி’, ‘வீ’யின் மேல்விலங்கில் இடித்துக்கொள்ளும். ‘கொ’ என்று எழுதும்போது கொம்பும் காலும் நடுவிலுள்ள எழுத்தை அணைத்து நிற்க வேண்டும். சற்று விலகினாலும் சொல் உடைந்து தெரியும். இதையெல்லாம் கணினி தானாகச் சரிசெய்துவிடும் என்று விட்டுவிடாமல், ஒவ்வோர் இடைவெளியையும் கையால் நகர்த்திப் பார்த்த மாணவரைத் தலைப்பிலேயே கண்டுகொள்ளலாம். கையால் எழுத்து வரைவதற்கு நல்ல முன்னுதாரணம் இங்கேயே உண்டு. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலம், காந்தியைக் கோடுகளாக வரைந்த அதே கையால் தமிழ்ப் புத்தக அட்டைகளுக்கும் எழுத்து வரைந்தார். அந்த அட்டைகளை ஊன்றிப் பார்த்த மாணவரின் தலைப்பெழுத்தில் ஒரு துணிச்சல் வந்துவிடும்.

பிடிஎஃப் அனுப்பினால் போதும் என்பார்கள். எனக்குப் போதாது. ஒரு வேலையாவது அச்சாகிக் கைக்கு வர வேண்டும். திரையில் ஜொலித்த பச்சை நான்கு வண்ண மையில் மங்கும், வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் விடாத பக்கத்தின் ஓரத்தில், கட்டிங்குக்குப் பிறகு வெள்ளைக் கீற்று தெரியும். இவற்றை அச்சகத்தில் நின்று கற்றவரின் அச்சு மாதிரிக்குத் தனி எடை உண்டு.

கூட்டாகச் செய்த வேலைகளும் இருக்கும். படம் எடுத்தவர் யார், எழுத்து வரைந்தவர் யார், தான் செய்தது எது என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறித்திருந்தால், அந்தப் பிள்ளையை உடனே கூப்பிட்டுப் பேசத் தோன்றும்.