கலப்பும் கணக்கும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளரும் தமிழ் மாணவனின் செவிக்கு இசை ஒரே வழியாக வந்து சேர்வதில்லை. கோயிலில் நாதசுரமும் தவிலும், திருவிழாவில் உறுமி மேளமும், வானொலியில் மலாய்ப் பாடலும் மேலை ராக் இசையும் அவனுக்குப் பழக்கமானவை. 1960களில் இந்நாட்டில் ‘குகிரான்’ எனப் பெயர்பெற்ற கித்தார்க் குழுக்கள், இங்கிலாந்தின் ‘ஷேடோஸ்’ குழுவை முன்மாதிரியாகக் கொண்டு மலாய் மெட்டுகளை மின்கித்தாரில் இசைத்தன. ஆகவே, இசைக் கலப்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. அதனை மதிப்பிடும் அளவுகோலே ஆராயத்தக்கது.

கலப்பிசை கேட்போர் பலர் கருவிகளையே எண்ணுகின்றனர். கித்தாரின் அருகே தபேலா ஒலித்தால் இந்தியக் கலப்பு என முடிவு கட்டுகின்றனர். இம்முடிவின் குறையை, ஜான் மெக்லாஃப்லின் 1971இல் நியூயார்க்கில் அமைத்த ‘மகாவிஷ்ணு’ இசைக்குழு உணர்த்தும். பாடகர் இல்லாத இந்த ராக் குழுவில் மின்கித்தார், வயலின், விசைப்பலகை, பாஸ் கித்தார், டிரம்ஸ் ஆகியவையே முதன்மைக் கருவிகள். ஆயினும், 1973இல் வெளிவந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ இசைத்தட்டின் தலைப்பிசை 18 எண்ணிக்கை கொண்ட சுற்றில் நடக்கின்றது. ராக் இசையில் பெருவழக்கு நான்கு. சங்கீர்ணத்தின் ஒன்பதை அறிந்த மாணவனுக்கோ அதன் இரட்டிப்பான பதினெட்டு அயலாகத் தோன்றாது.

மெக்லாஃப்லின், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் அவர் அமைத்த ‘சக்தி’ குழுவில் கடமும் தபேலாவும் வெளிப்படையாக ஒலித்தன. மகாவிஷ்ணுவிலோ இந்தியத் தாக்கம் கருவியில் இன்றிக் கணக்கில் உறைந்திருந்தது. வேகமும் பேரொலியும் மிகுந்த இடங்களில் அக்கணக்கு செவிக்குப் புலப்படாமல் மறைவதும் உண்டு. அஃது அக்குழுவின் குறையே.

கலப்பால் தூய்மை கெடும் என்று அஞ்சுவோர் வயலினை நினைத்தல் வேண்டும். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கருநாடக இசையுள் புகுந்த அம்மேலைக் கருவி கமகத்துக்குப் பணிந்தது, அதனால் நிலைத்தது. டிரம்ஸுடன் உறுமியைச் சேர்க்க விழையும் கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்க்கும் இதுவே பாடம். உறுமியின் நடை அவ்விசையை நடத்துகின்றதா, ஓசையழகுக்கு மட்டும் நிற்கின்றதா என்று கேட்டல் வேண்டும். கையால் தாளமிட்டுக் கேட்கும் பழக்கத்தை ஆசிரியர் ஊட்டினால், மாணவரே அதற்கு விடை காண்பர்.