பீட்டில்ஸை மறித்த மெட்ராஸ்காரர்

ஒரு சின்ன கற்பனை. 1967-ம் வருஷம், மார்ச் மாதம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரில், ஒரு ரெக்கார்டு கடைக்குள் நுழைகிறீர்கள். பாக்கெட்டில் ஒரே ஒரு தட்டு வாங்கத்தான் காசு இருக்கிறது. கவுன்ட்டரில் இரண்டு தட்டுகளை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று, பீட்டில்ஸின் புதுசு. ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்'. இன்னொன்று, எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்று வாயில் நுழையாத பெயருடைய ஒருத்தர் பாடிய 'ரிலீஸ் மீ'.

எதை வாங்குவீர்கள்?

'இதெல்லாம் ஒரு கேள்வியா, பீட்டில்ஸ்தான்' என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த மாசம் இங்கிலாந்து அப்படிச் சொல்லவில்லை. 'ரெக்கார்டு ரீடெய்லர்' என்ற வியாபாரப் பத்திரிகையின் பட்டியலில் மார்ச் 2-ம் தேதி தொடங்கி ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது 'ரிலீஸ் மீ'. பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டார்கள். 1963-ல் 'ஃப்ரம் மீ டு யூ'வில் ஆரம்பித்து வரிசையாகப் பதினோரு சிங்கிள்கள் முதலிடம் பிடித்தவர்கள். அந்த ஓட்டம் அன்றைக்கு நின்றது.

அன்றிலிருந்து இன்றுவரை, ஜனங்களுக்கு ரசனை கிடையாது என்று யாராவது கட்டுரை எழுதினால் முதல் சாட்சி இந்தப் பட்டியல்தான். 'பாருங்கள், இவ்வளவு பெரிய பாட்டைத் தள்ளிவிட்டு எதை வாங்கியிருக்கிறார்கள்!' நானும் பல வருஷம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சமீபத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வாயில் நுழையாத பெயர். நிஜப் பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டோர்சி. பிறந்தது 1936-ல், எங்கே என்கிறீர்கள்? மெட்ராஸில்! அப்பா ராணுவத்தில் இருந்தவர். பையனுக்குப் பத்து வயசு வாக்கில் குடும்பம் லெஸ்டருக்குப் போய்விட்டது. வளர்ந்து பாடகரானார், பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை. 1961-ல் காசநோய் வேறு வந்து படுத்துவிட்டார். அப்புறம்தான் மேனேஜர் கார்டன் மில்ஸ் அவரைக் கையில் எடுத்து, பழைய ஜெர்மன் ஆபரா இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே தூக்கி வைத்தார். இந்த மில்ஸ் பிறந்ததும் மெட்ராஸ்தான். 1935.

இன்னும் இருக்கிறது. பீட்டில்ஸ் புகழ்பெறும் முன் 1962 ஆகஸ்ட்டில் கழற்றிவிடப்பட்ட டிரம்மர் பீட் பெஸ்ட் இருக்கிறாரே, அவரும் மெட்ராஸில் பிறந்தவர். 1941 நவம்பர் 24. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்ய ஆரம்பித்த நாள் 1966 நவம்பர் 24. அதாவது, பெஸ்ட்டின் இருபத்தைந்தாவது பிறந்தநாள்! மெட்ராஸ்காரரைக் கழற்றிவிட்டார்கள், மெட்ராஸ்காரர் வந்து மறித்துவிட்டார் என்று கதை கட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. கட்ட மாட்டேன். மூன்று பேரும் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து மெட்ராஸில் பிறந்து, அங்கே போய் வளர்ந்தவர்கள். 'ரிலீஸ் மீ'யில் மெட்ராஸ் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. வெறும் தற்செயல்.

ஆனால் கார்டன் மில்ஸின் சாமர்த்தியம் தற்செயல் இல்லை. அவருடைய இன்னொரு பாடகர் டாம் ஜோன்ஸ். 1966 டிசம்பர் ஆரம்பத்திலிருந்து 1967 ஏப்ரல் நடுப்பகுதி வரை எண்ணிப் பாருங்கள்: டாம் ஜோன்ஸ் ஏழு வாரம், 'தி மங்கீஸ்' நாலு வாரம், பெட்டுலா கிளார்க் இரண்டு வாரம், ஹம்பர்டிங்க் ஆறு வாரம். மொத்தம் பத்தொன்பது வார முதலிடத்தில் பதின்மூன்று வாரம் ஒரே மேனேஜர் வீட்டுக்கு! பீட்டில்ஸ் மோதியது ஒரு பாட்டோடு அல்ல, ஒரு காற்றோடு என்று தெரிகிறது.

சரி, இந்தப் பட்டியலை யார் போட்டார்கள்? ஏதோ அரசாங்க கெஜட் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14-ல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் வந்தது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது கடைகளுக்குப் போன் போட்டு, 'இந்த வாரம் எது நல்லாப் போச்சு?' என்று கேட்டுக் கூட்டிப் போட்டதுதான் பட்டியல். அறுபதுகளில் நாலைந்து பத்திரிகைகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பட்டியல் என்று ஒன்று 1969 பிப்ரவரியில்தான் வந்தது.

இதனால் வந்த வேடிக்கை என்னவென்றால், 1963-ல் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' மற்ற பத்திரிகைகளில் முதலிடம், ரெக்கார்டு ரீடெய்லரில் மட்டும் இரண்டாமிடம். 1967-லும் 'மெலடி மேக்கர்' பட்டியலில் பீட்டில்ஸ்தான் முதலிடம்! பிற்காலத்தில் தகவல் புத்தகம் போட்டவர்கள் அறுபதுகளுக்கு ரெக்கார்டு ரீடெய்லரை எடுத்துக்கொண்டதால், அதுவே சரித்திரமாகிவிட்டது. ஆக, 'மாபெரும் அநியாயம்' என்பதே எந்தப் பேப்பரைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இருந்தாலும் 'ரிலீஸ் மீ' விற்றது பொய்யில்லை. பிரிட்டனில் மட்டும் பத்து லட்சம் தட்டுகளுக்கு மேல் போயிருக்கிறது. ஐம்பத்தாறு வாரம் தொடர்ந்து பட்டியலில் இருந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கும் மேல்! இதற்கு விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது பாட்டுக்கு வருவோம். முதலில் பீட்டில்ஸ். சும்மா சொல்லக் கூடாது, இந்தத் தட்டு ஒரு அதிசயம். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' லென்னன் சிறுவயதில் விளையாடிய இடம். சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லத்தின் தோட்டம். பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். ஒன்று மெதுவாக, தணிந்த சுருதியில். இன்னொன்று டிரம்பெட், செல்லோவோடு வேகமாக, உயர்ந்த சுருதியில். லென்னனுக்கு இதன் ஆரம்பமும் வேண்டும், அதன் முடிவும் வேண்டும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினீயர் ஜெஃப் எமரிக்கும் ஒரு டேப்பின் வேகத்தைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்து, இரண்டையும் வெட்டி ஒட்டினார்கள். பாட்டு ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆனதும் காதைத் தீட்டி வைத்துக் கேளுங்கள். குரல் லேசாகத் தடித்து, ஏதோ தண்ணிக்கடியில் போவது போல மாறும். ஒட்டு அங்கேதான். நடுவில் நம்ம ஊர் ஸ்வர்மண்டலை ஜார்ஜ் ஹாரிசன் ஒரு இழுப்பு இழுப்பார்.

'பென்னி லேன்' மெக்கார்ட்னியின் லிவர்பூல். பஸ் திரும்பும் இடம், முடிவெட்டும் கடை, பேங்க், தீயணைப்பு நிலையம். டி.வி-யில் பாக்கின் கச்சேரி ஒன்றைப் பார்த்து அசந்துபோய், அந்தக் குட்டி டிரம்பெட்டை வாசித்த டேவிட் மேசனையே வரவழைத்து வாசிக்க வைத்தார். அந்த இடம் வரும்போது மழை விட்ட தெருவில் வெயில் விழுந்த மாதிரி இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. லென்னனுக்கு அப்போது 26 வயசு, மெக்கார்ட்னிக்கு 24. உலகமே காலடியில் கிடக்கிறது. இரண்டு பேரும் பாடியது சின்னப் பிள்ளையாக இருந்த ஊரைப் பற்றி. திரும்பிப் பார்க்கிற பாட்டு.

அடுத்து 'ரிலீஸ் மீ'. புதுப் பாட்டே அல்ல. நாற்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் எட்டி மில்லர் எழுதிய கன்ட்ரி பாட்டு. 1954-ல் ரே பிரைஸ், 1962-ல் எஸ்தர் ஃபிலிப்ஸ் என்று பலர் பாடித் தேய்ந்தது. லண்டன் பலேடியம் அரங்கின் ஞாயிறு டி.வி. நிகழ்ச்சியில், உடம்பு சரியில்லாமல் போன டிக்கி வேலன்டைனுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் மேடையேறி ஹம்பர்டிங்க் இதைப் பாடினார். அப்புறம் ரெக்கார்டு பறந்தது.

இசையாக அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வயலின்கள் பாகு காய்ச்சுகின்றன, பின்னால் கோரஸ் அதில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுகிறது. முதல் வரியிலேயே மொத்தத்தையும் சொல்லிவிட்டு மிச்ச நேரம் அதையே உரக்கச் சொல்கிறது. ஆனால் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். காதல் பாட்டுகள் வழக்கமாக 'போகாதே' என்று கெஞ்சும். இது 'என்னைப் போக விடு' என்று கெஞ்சுகிறது. எனக்கு உன்மேல் அன்பு போய்விட்டது, வேறொருவர் கிடைத்துவிட்டார், நாம் சேர்ந்து வீணாக வேண்டாம் என்கிறது. பழையவளையும் புதியவளையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு வரி கொடூரம். அதையும் அந்த மனுஷன் சீவி முடித்த தலையோடு, தேன் குழைத்த குரலில், மரியாதையாகப் பாடுகிறார்.

பாட்டில் கல்யாணம் என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் 'விடுவி' என்று ஒருத்தர் கேட்கிறார் என்றால் ஏதோ ஒன்று கட்டிப்போட்டிருக்க வேண்டும் அல்லவா? 1967 இங்கிலாந்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒத்துப்போய், 'எங்களுக்குச் சரிப்படவில்லை, பிரித்துவிடுங்கள்' என்று கோர்ட்டில் கேட்க முடியாது. பொதுவாக யாராவது ஒருத்தர் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டும். கள்ளத் தொடர்பு, கொடுமை, கைவிட்டுப் போனது, இப்படி ஏதாவது. அந்தச் சட்டத்தை மாற்றி 1969-ல் நிறைவேற்றி, 1971 ஜனவரியில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் லட்சக்கணக்கான வீடுகளின் முன்னறையில் இந்தப் பாட்டு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கியவர்கள் எல்லோரும் விவாகரத்து கேட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாதிப் பேராவது சும்மா 'ஆகா, என்ன குரல்' என்று மட்டும்தான் கேட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1967 என்றாலே நீள முடி, பூப்போட்ட சட்டை, லண்டனே ஆடியது என்றுதான் படித்திருக்கிறோம். அந்த வருஷப் பட்டியலைப் புரட்டினால் வேறு ஊர் தெரிகிறது. வின்ஸ் ஹில் பாடிய 'ஈடல்வைஸ்' இரண்டாமிடம் வரை வந்தது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துப் பாட்டு. அந்தப் படத்தின் இசைத் தட்டுதான் 1965, 1966, 1968 மூன்று வருஷமும் பிரிட்டனில் அதிகம் விற்ற ஆல்பம். பெட்டுலா கிளார்க் பாடி முதலிடம் வந்த பாட்டை எழுதியவர் யார்? சார்லி சாப்ளின்! அதே வசந்தத்தில் பிங்க் ஃபிளாய்டின் முதல் சிங்கிள் 'ஆர்னால்டு லேன்' இருபதாமிடம் வரைதான் வந்தது.

இரண்டு உலகமும் சுவர் வைத்துப் பிரிந்திருக்கவும் இல்லை. அந்த மார்ச் 31-ம் தேதி லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதல்முறையாகக் கிட்டாரைக் கொளுத்தினார். ராக் சரித்திரத்தில் கொட்டை எழுத்து சம்பவம். அதே மேடையில், அதே சுற்றுப்பயணத்தில் பாடிய இன்னொருவர் யார் தெரியுமா? சாட்சாத் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். ஒரு நாள் தன் கிட்டார்காரர் வராதபோது ஹென்ட்ரிக்ஸ் தனக்கு வாசித்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் படுவது இதுதான். பாப் இசையின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் 1967-ல் பதினேழு, பதினெட்டு வயசில் இருந்தவர்கள். அவர்கள் கேட்டது சரித்திரமானது. அவர்களின் அம்மா கேட்டது ஜோக்கானது. அந்த அம்மா கட்டுரை எழுதவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்தாள், அவ்வளவுதான். கடைக்காரர் போனில் சொன்ன எண்ணிக்கைக்குள் அவள் இருக்கிறாள். அவள் இருந்தாள் என்பதற்கு இந்தப் பட்டியல் ஒரு சாட்சி. அதையும் 'ரசனை கெட்ட பட்டியல்' என்று தூக்கிப் போட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

இதனால் இரண்டு பாட்டும் சமம் என்று ஆகிவிடாது. அந்தப் பம்மாத்து என்னிடம் வேண்டாம். பீட்டில்ஸ் தட்டு எங்கேயோ இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒட்டு இன்னும் காதில் மர்மமாகவே விழுகிறது. 'ரிலீஸ் மீ' இரண்டாவது தடவை கேட்கும்போதே தித்திப்பு திகட்டிவிடுகிறது. ஆனால் எது நல்ல பாட்டு என்பது ஒரு கேள்வி. அந்த வாரம் எந்தப் பாட்டு யாருக்குத் தேவைப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. பட்டியல் இரண்டாவதுக்குத்தான் பதில் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்விக்குப் பதில் தப்பு என்று அடிக்கிறோம்.

மறுபடி அந்தக் கடைக்குப் போவோம். ஒரே ஒரு தட்டுக்குத்தான் காசு. நான் இன்றைக்கும் 'பென்னி லேன்'தான் எடுப்பேன். ஆனால் எனக்கு முன்னால் நிற்கிற அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி, 'ரிலீஸ் மீ இருக்கா?' என்று கேட்டால் சிரிக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதை எதற்காகக் கேட்கப்போகிறாள் என்று எனக்கென்ன தெரியும்?